பெயர் தெரியாத தோட்டப் பூவைப் படத்தைக் கொண்டு இனங்காணும் முறை

தோட்டத்தில் பூத்திருக்கும் பெயர் தெரியாத செடியைப் படமெடுத்து அது என்னவென்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு படத்தைத்தான் காட்டுவார்கள். மலர்ந்த பூவின் முகம் படம் முழுவதும் நிறைந்திருக்கும்; இலை ஓரத்தில் மங்கலாகத் தெரியும், தண்டு இருக்கவே இருக்காது. கண்ணுக்கு அழகான அந்தப் படம் பெயரைக் கண்டுபிடிக்க மிகக் குறைவாகவே உதவும். நிறமும் இதழின் பொதுவான வடிவமும் ஒன்றோடொன்று உறவே இல்லாத பல குடும்பங்களில் திரும்பத் திரும்ப வருபவை. ஒரு செடியை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளங்களோ பூவின் பின்புறத்திலும், இலை தண்டோடு சேரும் இடத்திலும், சில சமயம் பூ உதிர்ந்த பிறகு நிற்கும் காயிலும் இருக்கின்றன.

மஞ்சள் நிறப் புனல் பூவை எடுத்துக்கொள்வோம். தோட்டங்களில் பரவலாக வளர்க்கப்படும் அலமாண்டா, பொன்னரளி, டெக்கோமா ஆகிய மூன்றுமே ஐந்து மடல் கொண்ட மஞ்சள் புனலாகப் பூப்பவை. நேர் எதிரே நின்று எடுத்த படத்தை மட்டும் பார்த்தால் ஒன்றை மற்றொன்றாகச் சொல்லிவிட வாய்ப்புண்டு. ஒரு கிளையும் படத்தில் இருந்துவிட்டால் இந்தக் குழப்பம் எழாது. அலமாண்டாவில் பளபளப்பான தனியிலைகள் ஒரே கணுவில் மூன்று நான்காக வட்டமாக அமைந்திருக்கும். பொன்னரளியின் இலை குறுகி நீண்டு, கணுவுக்கு ஒன்றாகத் தண்டைச் சுற்றி ஏறும். டெக்கோமாவில் இலைகள் எதிரெதிராக இருப்பதோடு, ஒவ்வோர் இலையும் ரம்பப் பல் விளிம்புள்ள பல சிற்றிலைகளாகப் பிரிந்த கூட்டிலையாகவும் இருக்கும். காயும் மூன்றில் மூன்று விதம்: அலமாண்டாவில் முள் போர்த்த காய், பொன்னரளியில் மூலை மழுங்கிய சதைப்பற்றான பச்சைக் காய், டெக்கோமாவில் ஒல்லியாக நீண்டு தொங்கும் காய். முதல் இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் இலையைக் கிள்ளினால் பால் வடியும், மூன்றாவதில் வடியாது. பூவின் முகத்தை எத்தனை மடங்கு பெரிதாக்கிப் பார்த்தாலும் இவற்றில் ஒன்றுகூடத் தெரியப்போவதில்லை.

எதையெல்லாம் படமெடுக்க வேண்டும்

முதல் படம் செடி முழுவதும் தெரியும்படி சற்றுத் தள்ளி நின்று எடுத்ததாக இருக்கட்டும். அது தரையோடு படர்கிறதா, புதராக நிற்கிறதா, பற்றி ஏறும் கொடியா, அடியில் மரத்தன்மை உள்ளதா என்பதை அந்தப் படமே சொல்லிவிடும். உயரத்தைக் கணிக்க அருகில் அளவு தெரிந்த ஒரு பொருள் இருப்பது நல்லது. அடுத்து, பூவும் குறைந்தது இரண்டு மூன்று கணுக்களும் சேர்ந்து தெரியும்படி ஒரு கிளை. இலைகள் எதிரெதிராக உள்ளனவா, மாறி மாறி உள்ளனவா, வட்டமாக உள்ளனவா என்பது இந்த ஒரு படத்தில்தான் தெரியும். வேறு எந்தப் படத்தையும்விட இதையே நான் முதலில் கேட்பேன்.

கூட்டிலையின் சிற்றிலையைத் தனியிலை என்று எண்ணிவிடுவது எளிது. இதைத் தவிர்க்க ஒரு நம்பகமான வழி இருக்கிறது. இலைக்காம்பு தண்டோடு சேரும் கோணத்தில் ஒரு சிறு மொட்டு இருக்கும். சிற்றிலையின் அடியில் அந்த மொட்டு இருக்காது. ஆகவே காம்பின் அடிப்பகுதியை நெருக்கமாக ஒரு படம் எடுத்துவைத்துக்கொண்டால், எது இலை, எது சிற்றிலை என்பதைப் பிறகு நிதானமாகப் பார்த்து முடிவுசெய்யலாம். அதே படத்தில் காம்படியில் இலையடிச் செதில் இருந்தால் அதுவும் பதிவாகிவிடும். இலையின் மேற்புறத்தோடு அடிப்புறத்தையும் எடுக்க வேண்டும், ஏனெனில் மயிர்ப்படலம், நரம்பின் எழுச்சி, நிற வேறுபாடு ஆகியவை பெரும்பாலும் அடிப்புறத்தில்தான் தெளிவாக இருக்கும்.

பூவை முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று மூன்று கோணங்களில் எடுக்க வேண்டும். முன்பக்கப் படம் எல்லோரிடமும் இருக்கும். மற்ற இரண்டும்தான் விடுபடுகின்றன. நித்தியகல்யாணியும், நிழலில் தொட்டிகளில் வளர்க்கப்படும் இம்பேஷன்ஸ் வாலரியானாவும் முன்னால் பார்த்தால் தட்டையாக விரிந்த ஐந்து மடல் கொண்ட பூக்கள். இளஞ்சிவப்பிலும் வெள்ளையிலும் இரண்டும் கிடைக்கின்றன. பக்கவாட்டில் பார்த்தால், நித்தியகல்யாணியின் மடல்களுக்குப் பின்னால் குறுகலான நேர்க்குழல் ஒன்று இருக்கும். இம்பேஷன்ஸ் பூவின் பின்னால் மெல்லிய, வளைந்த கூர்வால் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். இது காசித்தும்பையிலும் உள்ள அதே வால்தான், இரண்டும் ஒரே பேரினம் என்பதால். இந்த ஒரு பக்கவாட்டுப் படம் இருந்தால் வேறு விவாதமே தேவையில்லை.

பின்பக்கத்தில் பார்க்க வேண்டியது புல்லி வட்டமும் அதற்கும் கீழே உள்ள செதில்களும். செம்பருத்திப் பூவைத் திருப்பிப் பார்த்தால் பச்சைப் புல்லி வட்டத்துக்கு வெளியே இன்னொரு வரிசைக் குறுகிய பச்சைச் செதில்கள் நிற்பது தெரியும். இதைப் புறப்புல்லி வட்டம் என்பார்கள். துத்தி இனங்களும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவையே, பூவின் நடுவில் மகரந்தத்தாள்கள் ஒரு குழலாக ஒட்டியிருப்பதும் அவ்வாறே, ஆனால் துத்தியில் இந்த வெளிவரிசை கிடையாது. துலுக்கச் சாமந்தியையும் காஸ்மாஸையும் பிரித்தறியவும் பின்பக்கமே துணை. துலுக்கச் சாமந்தியில் செதில்கள் ஒரே வரிசையாக ஒட்டி ஒரு பச்சைக் கிண்ணமாக ஆகியிருக்கும். காஸ்மாஸில் வெளியே குறுகியவை, உள்ளே அகன்றவை என்று இரண்டு வரிசைகள் பிரிந்து தெரியும். ஆரஞ்சு நிறத்தில் பூக்கும் இவ்விரண்டையும் முகத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முயல்வது வீண் வேலை.

மொட்டும் காயும் செடியில் இருந்தால் அவற்றையும் சேர்த்து எடுத்துவிட வேண்டும். பூவுக்கு அருகில் அளவுகோலை வைத்து ஒரு படம் எடுப்பது அவசியம், ஏனென்றால் நெருங்கி எடுத்த படத்தில் அரை சென்டிமீட்டர் பூவும் பத்து சென்டிமீட்டர் பூவும் ஒரே அளவாகத்தான் தோன்றும். மணமும், கிள்ளினால் பால் வருகிறதா என்பதும், தண்டு உருண்டையா சதுரமா என்பதும் படத்தில் வராது. அவற்றை அப்போதே குறித்துக்கொள்ள வேண்டும். பால் வடியும் செடிகளில் பல நஞ்சுள்ளவை, தோலையும் கண்ணையும் எரிக்கக்கூடியவை. ஆகவே கிள்ளிப் பார்த்த கையை உடனே கழுவிவிடவும், நாவில் வைத்துச் சோதிப்பதை அறவே தவிர்க்கவும்.

வெளிச்சமும் நிறமும்

உச்சி வெயிலில் எடுத்த படத்தில் சிவப்புப் பூக்களும் மஞ்சள் பூக்களும் ஒரே வண்ணத் திட்டாகிவிடும். இதழின் நரம்போ மடிப்போ தெரியாது. மேகமூட்டமான வேளையோ திறந்த வெளியின் நிழலோ இதற்குப் பொருத்தம். அப்படி இயலாவிட்டால் பூவின் மீது உங்கள் நிழல் விழும்படி நின்று எடுக்கலாம். கைபேசியில் பூவைத் தொட்டுக் குவியத்தை நிலைநிறுத்திய பின் வெளிச்ச அளவைச் சற்றுக் குறைத்துக்கொண்டால் இதழின் விவரங்கள் மீண்டுவரும். மிக நெருங்கினால் பல கைபேசிகள் பூவை விட்டுவிட்டுப் பின்னால் உள்ள இலையில் குவிந்துவிடும். இரண்டு சாண் தள்ளி நின்று கூர்மையாக எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்வதே மேல். காற்றில் ஆடும் பூவைக் காம்பில் பிடித்துக்கொள்வதிலும், பின்னால் ஓர் அட்டையை வைப்பதிலும் குற்றமில்லை, இது போட்டிக்கு அனுப்பும் படம் அன்று.

நிறத்தை முழுக்க நம்பக் கூடாது. நீலமும் ஊதாவும் கேமராவுக்குக் கேமரா மாறுபடும். நிழலில் எடுத்த வெள்ளைப் பூ நீலம் பூசியதுபோல் தோன்றும். ஒரு படத்திலாவது பூவுக்கு அருகில் வெள்ளைத் தாள் ஒன்று இருந்தால், அந்தத் தாளின் நிறத்தைக் கொண்டு மற்றவற்றைத் திருத்திப் புரிந்துகொள்ளலாம். இதைவிடப் பெரிய சிக்கல், பூவே நிறம் மாறுவது. ரங்கூன் மல்லி வெள்ளையாக விரிந்து இளஞ்சிவப்பாகிப் பின் சிவக்கும். புருன்ஃபெல்சியா ஊதாவாகப் பூத்து வெளிறி வெள்ளையாகும். உண்ணிச்செடியின் ஒரே கொத்தில் நடுவில் ஒரு நிறமும் ஓரத்தில் ஒரு நிறமும் இருப்பதற்குக் காரணம், ஓரத்துப் பூக்கள் முந்திப் பூத்து நிறம் மாறியவை என்பதே. அந்தி மந்தாரையில் ஒரே செடியில் வெவ்வேறு நிறப் பூக்கள் வருவதும் உண்டு. எனவே எடுத்த நேரத்தைக் குறிப்பதும், முடிந்தால் அதே பூவை அடுத்த நாளும் எடுப்பதும் பயன்தரும். அந்தி மந்தாரை போன்றவற்றில் பூ விரியும் நேரமே ஓர் அடையாளம்.

படத்தைப் படிக்கும் வரிசை

படங்கள் கைக்கு வந்த பிறகு பெயரைத் தேடி ஓடுவதைவிடக் குடும்பத்தைத் தேடுவது விரைவில் பலன் தரும். முதலில் எண்ண வேண்டும். பூவின் பாகங்கள் மூன்றின் மடங்காக இருந்து இலை நரம்புகள் இணையாக ஓடினால், பெரும்பாலும் ஒருவித்திலைத் தாவரம். நான்கு அல்லது ஐந்தாக இருந்து நரம்புகள் வலையாகப் பின்னியிருந்தால், பெரும்பாலும் இருவித்திலைத் தாவரம். பதினெட்டாம் நூற்றாண்டில் லின்னேயஸ் மகரந்தத்தாள்களையும் சூலகங்களையும் எண்ணியே தாவரங்களை வகுத்தார். அந்த வகைப்பாடு இன்று வழக்கில் இல்லை என்றாலும், எண்ணிப் பார்க்கும் பழக்கத்தைவிட எளிய கருவி இன்னும் வரவில்லை. இட்லிப்பூவையும் பென்டாஸையும் எண்ணியே பிரித்துவிடலாம். இரண்டும் கொத்தாகப் பூக்கும், இரண்டிலும் இலைகள் எதிரெதிர். ஆனால் இட்லிப்பூவில் நான்கு மடல்கள், பென்டாஸில் ஐந்து.

லில்லி என்று பொதுவாக அழைக்கப்படும் ஆறு இதழ்ப் பூக்களில் மகரந்தத்தாள் ஆறா, மூன்றா என்று பார்க்கவும். மூன்று என்றால் ஐரிஸ் குடும்பத்தின் பக்கம் திரும்பலாம். ஆறு என்றால் சூற்பை எங்கே இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. மழை லில்லி, ஹிப்பியாஸ்ட்ரம் ஆகியவற்றில் இதழ்களுக்குக் கீழே காம்பின் நுனியில் பச்சை வீக்கமாக அது வெளியே தெரியும். உண்மையான லில்லியில் இதழ்களுக்கு உள்ளே இருக்கும். பக்கவாட்டுப் படத்தை வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சில குடும்பங்களை ஒருமுறை பார்த்துப் பழகிவிட்டால் பிறகு மறக்காது. சதுரத் தண்டு, எதிரெதிர் இலை, இரண்டு உதடுகளாகப் பிளந்த பூ, கசக்கினால் மணம் என்றால் துளசிக் குடும்பத்தை முதலில் நினைக்கலாம். ஆனால் சதுரத் தண்டு உண்ணிச்செடியிலும் உண்டு என்பதால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். அகன்ற கொடியிதழ் ஒன்று, பக்கத்தில் சிறகிதழ்கள் இரண்டு, நடுவில் ஒட்டிய படகிதழ் என்று அமைந்தது அவரைக் குடும்பம். சங்குப்பூவும் அதில் சேர்ந்ததே, ஆனால் அதில் பூ தலைகீழாகத் திரும்பிக் கொடியிதழ் கீழே வந்திருக்கும். சமச்சீரே இல்லாமல் இதழ்கள் தாறுமாறாக நிற்கும் கல்வாழையில் நாம் இதழ் என்று பார்ப்பவை உருமாறிய மகரந்தத்தாள்கள்.

எதைப் பூ என்று எண்ணுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். சூரியகாந்திக் குடும்பத்தில் ஒரு பூவாகத் தோன்றுவது பல நுண்பூக்கள் கூடிய தலை. ஓரத்தில் இதழ்போல் நீண்டிருக்கும் ஒவ்வொன்றும் ஒரு பூ, நடுத்தட்டில் இருப்பவையும் தனித்தனிப் பூக்கள். காகிதப்பூவில் நிறம் காட்டுபவை பூவடிச் செதில்கள். உண்மையான பூக்கள் அவற்றின் நடுவே மூன்று சிறு குழல்களாக நிற்கும். இவற்றில் இதழை எண்ணத் தொடங்கினால் தொடக்கத்திலேயே வழி தவறிவிடும்.

அடுக்குப் பூக்கள் இன்னொரு பொறி. தோட்டத்துக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட வகைகளில் மகரந்தத்தாள்கள் இதழ்களாக மாறிப் பூ நெருக்கமாக நிறைந்துவிடுவதால், இதழ் எண்ணிக்கையும் தாள் எண்ணிக்கையும் பொருளற்றுப் போகின்றன. அடுக்குச் செம்பருத்தியை முதல் முறை பார்ப்பவருக்கு அது ஒற்றைச் செம்பருத்தியின் உறவு என்றே தோன்றாது. இங்கே பூவை ஒதுக்கிவிட்டு இலை, புல்லி வட்டம், புறப்புல்லி வட்டம் ஆகியவற்றுக்குப் போக வேண்டும். மனிதர்கள் தேர்ந்தெடுத்துப் பெருக்கியபோது பூவைத்தான் பெரிதும் மாற்றினார்கள், அதன் அடிப்பகுதியை அவ்வளவாகத் தொடவில்லை.

செயலி சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது

கூகுள் லென்ஸ், பிளான்ட்நெட், ஐநேச்சுரலிஸ்ட் போன்றவை இன்று எவர் கைபேசியிலும் கிடைக்கின்றன, அவற்றைப் பயன்படுத்தாமல் இருக்கக் காரணம் ஒன்றுமில்லை. ஆனால் அவை தருவது படத்தோடு ஒத்துப்போகும் பெயர்களின் பட்டியல். அந்தப் பட்டியலில் முதலில் நிற்பதே விடை என்று பொருளல்ல. பிளான்ட்நெட்டில் ஒரே செடியின் பூ, இலை, காய் ஆகியவற்றின் படங்களை உறுப்பு வாரியாகக் குறித்து ஒன்றாகக் கொடுக்க முடியும். ஒற்றைப் பூவைக் கொடுப்பதைவிட இப்படிக் கொடுத்தால் பட்டியல் சுருங்கும். பூவைக் கொடுத்தபோது ஒரு பெயரும் இலையைக் கொடுத்தபோது தொடர்பே இல்லாத வேறொரு பெயரும் வந்தால், இரண்டையும் ஐயத்தோடு பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே பேரினத்தில் வந்து நின்றால், அந்தப் பேரினம் வரையிலாவது ஓரளவு துணிவோடு போகலாம்.

பெயர் வந்ததும் அதைப் பொய்யாக்க முயல வேண்டும். அந்தத் தாவரத்தின் விளக்கத்தை எடுத்துவைத்து, இலை அமைவு, விளிம்பு, மகரந்தத்தாள் எண்ணிக்கை, காய் என்று ஒவ்வொன்றாக உங்கள் படத்தோடு ஒப்பிட வேண்டும். ஒத்துப்போகும் பத்து அடையாளங்களைவிட ஒத்துப்போகாத ஒன்றே முக்கியமானது: விளக்கம் எதிரெதிர் இலை என்று சொல்ல, படத்தில் மாறி மாறி இருந்தால் அந்தப் பெயரை விட்டுவிட வேண்டியதுதான். பெயரைத் தேடியதும் வரும் மற்றவர்களின் படங்களோடு மட்டும் ஒப்பிடுவது போதாது, தவறாகப் பெயரிட்ட படங்களும் அவற்றில் கலந்திருக்கும்.

ஐநேச்சுரலிஸ்டில் மற்றவர்களும் உங்கள் படத்தைப் பார்த்துப் பெயர் சொல்வார்கள். தோட்டத்தில் நட்டு வளர்த்த செடி என்றால் அதைப் பதிவிலேயே அப்படிக் குறிப்பிட வேண்டும். இயற்கையில் தானாக வளர்வனவற்றுக்கே அந்தத் தளம் முன்னுரிமை தருவதால், வளர்ப்புச் செடிக்கு வரும் பதில்கள் குறைவாக இருக்கலாம். பிறரிடம் கேட்கும்போது எல்லாப் படங்களையும் ஒரே பதிவில் சேர்த்து, எடுத்த நாள், எந்தப் பகுதி, நட்டதா தானாக முளைத்ததா, உயரம், மணம் ஆகியவற்றை இரண்டு வரிகளில் எழுதுங்கள். வீட்டுத் தோட்டத்தில் எடுத்த படம் என்றால் கோப்பில் பதிந்திருக்கும் துல்லியமான இருப்பிடத் தகவலை நீக்கிவிட்டு, ஊரை மட்டும் சொன்னால் போதும்.

பிறர் அனுப்பிய, மீண்டும் எடுக்க வழியில்லாத ஒற்றைப் படம்தான் இருக்கிறது என்றால், பூவைச் சுற்றியுள்ள பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஓரத்தில் ஒரு மொட்டோ உதிர்ந்த பூவின் தடமோ கிடைக்கக்கூடும். ஆனால் பின்னால் தெரியும் இலை அந்தப் பூவினுடையதுதானா என்பதைக் காம்பைத் தொடர்ந்து சென்று உறுதிசெய்துகொள்ளுங்கள். வேலியில் ஏறிய கொடியின் பூ அடுத்த செடியின் இலைகளுக்கு நடுவே எட்டிப் பார்ப்பது அன்றாடம் நடப்பது, செயலியும் இதில் எளிதாக ஏமாந்துவிடும்.

பெயர் கிடைத்த பிறகு

கிடைத்த அறிவியல் பெயர் இன்றைக்கு ஏற்கப்பட்ட பெயர்தானா என்று பார்த்துக்கொள்வது நல்லது. கியூ தாவரவியல் பூங்கா நடத்தும் 'பிளான்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்ட் ஆன்லைன்' தளத்தில் பழைய பெயரை இட்டால் தற்போதைய பெயரும் அந்தத் தாவரத்தின் இயல்பான பரவலும் வரும். நித்தியகல்யாணியை வின்கா ரோசியா என்று அழைத்தது பழைய வழக்கம், இப்போது அது கேத்தராந்தஸ் ரோசியஸ். நாற்றங்கால்களில் மட்டும் வின்கா என்ற பெயர் இன்னும் போகவில்லை. பொன்னரளிக்குத் தெவீசியா பெருவியானா, காஸ்கபெலா தெவீசியா என்று இரண்டு பெயர்களும் புழங்குகின்றன. இரண்டாவதே இப்போது ஏற்கப்பட்டது. இது தெரியாவிட்டால் ஒரே செடிக்கு வந்த இரண்டு சரியான விடைகளை முரண்பாடு என்று எண்ணிக் குழம்ப நேரிடும்.

வளர்ப்பு வகையின் பெயரைப் படத்திலிருந்து பெற முடியுமா என்று பலரும் கேட்கிறார்கள். ரோஜா, டேலியா, செம்பருத்தி போன்றவற்றில் வகைகள் ஏராளம். பலவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு ஒரு நிறச் சாயலோ செடியின் உயரமோ மட்டுமே. நிறத்தைத் துல்லியமாகப் பதிவதற்காகவே இங்கிலாந்தின் ராயல் ஹார்ட்டிகல்ச்சரல் சொசைட்டி 1966ஆம் ஆண்டு முதல் தனி வண்ண அட்டையை வெளியிட்டுவருகிறது. அந்த அட்டையைப் பூவின் அருகில் வைத்துக் கண்ணால் ஒப்பிடுவார்கள். ஆகவே நாற்றோடு வந்த அட்டைக் குறிப்பு இல்லாத நிலையில், படத்தைப் பார்த்து வகைப் பெயரை உறுதியாகச் சொல்பவரிடம் அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டுவிடுவது நல்லது.

உண்பதற்கோ மருந்துக்கோ பயன்படுத்தும் நோக்கம் இருந்தால் படத்தை வைத்துச் செய்த அடையாளம் எந்த நிலையிலும் போதாது. பொன்னரளியும் அரளியும் உயிருக்கே ஆபத்தான நஞ்சுடையவை. ஊமத்தையும் அதன் உறவான புருக்மான்சியாவும் அப்படியே. இவ்விரண்டில் நிமிர்ந்து நிற்கும் பூ ஊமத்தை, கீழ்நோக்கித் தொங்கும் பூ புருக்மான்சியா. குழந்தையோ வளர்ப்புப் பிராணியோ தெரியாத பூவைத் தின்றுவிட்டால் செயலியில் தேடிக்கொண்டிருக்காமல், மீதமுள்ள கிளையை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

எல்லாம் பார்த்த பிறகும் சிற்றினம் பிடிபடவில்லை என்றால், பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்வது ஊகித்து எழுதுவதைவிடச் சரியானது. படங்களின் கோப்புறைக்கு அந்தப் பேரினப் பெயரையும் எடுத்த நாளையும் இட்டு, எந்த அடையாளம் இல்லாததால் முடிவு நின்றுபோனது என்பதையும் ஒரு வரியில் எழுதிவையுங்கள். பெரும்பாலும் அது காயாகத்தான் இருக்கும். வாடிய பூக்களைக் கிள்ளி எறியாமல் ஒரு கொத்தையாவது செடியிலேயே விட்டுவைத்தால், சில வாரங்களில் அதையும் படமெடுத்து அதே கோப்புறையில் சேர்க்கலாம்.